சிதறலும் பிணைப்பும்: பாக்தாத் சசூன் குடும்பத்தின் புலப்பெயர்வு பற்றிய ஒரு நோக்கு

ஒரு குடும்பத்தின் வரலாறு சமூக வரலாற்றுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பது ஆராய்ச்சியாளரிடையே நெடுநாளாக இருந்துவரும் வினாவாகும். வம்சாவளி அட்டவணைகள் பெரும்பாலும் குடும்பப் பெருமையை நிலைநாட்டும் நோக்குடனேயே தொகுக்கப்படுகின்றன. பிறப்பு, மணம், இறப்பு, பட்டம், சொத்து என்பவற்றுக்கு அப்பால் அவை செல்வது அரிது. ஆயினும், ஒரு குடும்பம் ஏன் ஓர் ஊரைவிட்டு நீங்கிற்று, ஏன் வேறோர் ஊரைத் தேர்ந்துகொண்டது, எதனால் ஒன்றாக இருந்தது, எதனாற் பிரிந்தது என்ற வினாக்களை அவ்வட்டவணைகளிடம் எழுப்புவோமாயின், தனிக்குடும்பத்தின் கதை ஒரு காலகட்டத்தின் பொருளாதார உறவுகளைக் காட்டும் சான்றாகிவிடுகின்றது.

பாக்தாத் நகரிலிருந்து புறப்பட்டு, பம்பாய், ஷாங்காய், இலண்டன் ஆகிய நகரங்களிற் பரவிய சசூன் என்னும் யூதக் குடும்பத்தை இந்நோக்கிலே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். யூதரின் வரலாற்றைப் பேசுவோர் 'சிதறல்' என்னும் சொல்லை இடப்பெயர்வுக்கு ஒத்த சொல்லாகவே கையாளுவர். ஊரைவிட்டுப் போனவர் சிதறிவிட்டனர் என்பது பொதுவான எண்ணம். சசூன் குடும்பத்தின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு மாறான ஒன்றைப் புலப்படுத்துகின்றது. மூன்று கடல்களுக்கு அப்பால் ஐந்தாறு நகரங்களிற் பிரிந்து வாழ்ந்த காலத்தில் இக்குடும்பம் ஒன்றாகவே இருந்தது. அதன் உறுப்பினருட் பெரும்பகுதியினர் இலண்டன் என்னும் ஒரே நகரத்தில் வந்து கூடிய பின்னரே அது சிதறிற்று. இதற்கான காரணத்தை மனித மனங்களில் மாத்திரம் தேடுவதிற் பயனில்லை. குடும்பத்தைப் பிணைத்து வைத்த பொருளாதாரத் தேவையிலும், அத்தேவை மறைந்தமையிலும் அதனைத் தேடவேண்டும் என்பதே நமது கருத்து.

1. பாக்தாத்தை நீங்கியமை

பாக்தாத் யூதர் மிகத் தொன்மையானதொரு சமுதாயத்தினர். பாபிலோனியச் சிறைவாசக் காலத்துடன் தம் வரலாற்றைத் தொடர்புபடுத்துபவர். அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஒட்டோமன் ஆட்சியின்கீழ் பாக்தாத்தை ஆண்ட பாஷாக்களின் தலைமைப் பொருளாளர் பதவி இச்சமுதாயத்தின் செல்வந்தரிடமே பெரும்பாலும் இருந்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அப்பதவியை வகித்தவர் ஷேக் சசூன் பென் சாலே என்பவர். பாஷாவுக்குக் கடன் திரட்டிக் கொடுத்தலும், வரிப்பணத்தை நிர்வகித்தலும் அவரது பணிகள். சமுதாயத்தின் தலைவரும் அவரே.

இத்தகைய பதவி தந்த பாதுகாப்பு எத்துணை நிலையற்றது என்பதை தாவூத் பாஷாவின் ஆட்சிக்காலம் (1816-1831) காட்டிற்று. பணத்தேவை மிகுந்த ஆட்சியாளர் செல்வந்த யூதரைச் சிறையிலிட்டுப் பணம் பறிக்கத் தலைப்பட்டார். ஷேக் சசூனின் மகன் டேவிட் (1792-1864) கைதாகியதாகவும், தந்தை பெரும்பொருள் கொடுத்து அவரை மீட்டதாகவும் குடும்ப மரபு கூறும். 1830 ஆம் ஆண்டளவில் தந்தையும் மகனும் பஸ்ரா வழியாகப் பாரசீகக் குடாவின் புஷயர் துறைமுகத்தை அடைந்தனர். முதியவரான ஷேக் சசூன் அவ்வாண்டிலேயே அங்கு காலமானார்.

புஷயர் தற்செயலாக வாய்த்த ஒதுங்கிடமன்று. குடாப் பகுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வதிவிடப் பிரதிநிதி இருந்த இடம் அது. பம்பாய்க்கும் குடாவுக்கும் இடையிலான வணிகம் அதன் வழியாகவே நடைபெற்றது. பாஷாவின் அரண்மனையைச் சார்ந்திருந்த ஒரு குடும்பம், பிரித்தானிய வணிக வலையமைப்பின் ஓரத்தை முதன்முதலாகத் தொட்ட இடம் புஷயர் எனலாம்.

2. பம்பாய்: கிளைகளும் எழுத்தும்

1832 ஆம் ஆண்டளவில் டேவிட் சசூன் குடும்பத்துடன் பம்பாயிற் குடியேறினார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. சீன வணிகத்திற் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இருந்த தனியுரிமை 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. முதலாம் அபின் யுத்தத்தின் பின் 1842 இல் ஏற்பட்ட நான்கிங் உடன்படிக்கை சீனாவின் ஐந்து துறைமுகங்களை அந்நிய வணிகருக்குத் திறந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1844 இல், டேவிட்டின் இரண்டாவது மகன் எலியாஸ் (1820-1880) சீனாவுக்கு அனுப்பப்பட்டார். மூத்த மகன் அப்துல்லா (1818-1896) தந்தையுடன் பம்பாயில் இருந்தார். மூன்றாவது மகன் சசூன் டேவிட் 1858 இல் இலண்டன் சென்றார்.

டேவிட்டுக்கு இரு மனைவியர் வழியாக எட்டு ஆண் மக்கள். அவர்கள் பம்பாய், ஹொங்கொங், ஷாங்காய், இலண்டன் முதலான கிளைகளுக்கு மாறிமாறி அனுப்பப்பட்டனர். ஓரிடத்து விலையையும், கப்பலின் வருகையையும், கடன்காரனின் நிலையையும் இன்னோரிடத்துக்கு விரைவாகவும் இரகசியமாகவும் அறிவிப்பதே அக்காலத் தூரதேச வணிகத்தின் உயிர்நாடி. அதற்கு நம்பிக்கையான முகவர் வேண்டும். பிறர் படித்தறிய முடியாத மொழியும் வேண்டும். சசூன் கம்பனிக்கு இவ்விரண்டையும் குடும்பமே அளித்தது. கிளைகளுக்கிடையிலான கடிதங்கள் பாக்தாத் யூதரின் அரபு மொழியில், எபிரேய எழுத்திலே வரையப்பட்டன. அக்கடிதங்களில் அபின் பெட்டிகளின் விலையும் வீட்டுச் செய்திகளும் அருகருகே இடம்பெறுகின்றன. கணக்கும் உறவும் அவற்றில் வேறுபடுத்தப்படவில்லை.

மொழி மாத்திரமன்றிச் சமயமும் இவ்வமைப்பிற் செயற்பட்டது. ஓய்வுநாளிற் கிளைகள் மூடப்பட்டன. பாக்தாத்திலும் பிற இடங்களிலுமிருந்து வந்த ஏழை யூத இளைஞர் எழுதுவினைஞராகவும் களஞ்சியப் பொறுப்பாளராகவும் அமர்த்தப்பட்டனர். அவர்களின் பிள்ளைகளுக்காக 1861 இல் பம்பாயில் நிறுவப்பட்ட பாடசாலையில் எபிரேயம், அரபு, ஆங்கிலம் ஆகியன கற்பிக்கப்பட்டன. அங்கு கற்றோர் கம்பனியின் ஊழியராயினர். பம்பாயிலேயே 1855 தொடக்கம் எபிரேய எழுத்தில் அரபு மொழிச் செய்தித்தாளொன்று வெளிவந்தது. பைக்கலாவிலும் பூனாவிலும் தொழுகைக்கூடங்கள் எழுந்தன. மணவுறவுகள் பாக்தாத் வழிவந்த குடும்பங்களுக்குள்ளேயே அமைந்தன. 1853 இல் டேவிட் சசூன் பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோதும், எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார்.

1850களின் இறுதியில் எடுக்கப்பட்ட புகைப்படமொன்று இக்கட்டத்தை நன்கு விளக்குகின்றது. தந்தை தலைப்பாகையும் நீளங்கியும் அணிந்து அமர்ந்திருக்கின்றார். மக்கள் மூவர் சூழ நிற்கின்றனர். அவர்களுள் சசூன் டேவிட் மாத்திரம் ஐரோப்பிய உடை அணிந்துள்ளார். அவ்வுடை அப்பொழுது வணிகத்துக்கு வேண்டிய ஒரு கருவி. அடுத்த தலைமுறையில் அதுவே வாழ்க்கை முறையாகப்போகின்றது.

3. செல்வத்தின் ஊற்று

இக்குடும்பத்தின் செல்வம் பருத்தி, பட்டு, கம்பளம், நறுமணப் பொருள்கள் எனப் பலவற்றிலிருந்து வந்ததாயினும், அதன் முதன்மையான ஊற்று அபின் என்பதை மறைப்பதற்கில்லை. இந்திய அபின் இருவகையில் உற்பத்தியாயிற்று. வங்காளத்திலும் பீகாரிலும் அது அரசின் தனியுரிமை. அங்கு உழவர் அரசு விதித்த விலைக்கே அதனை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பின்பு கல்கத்தாவில் அது ஏலம் விடப்பட்டது. மத்திய இந்தியாவின் மாள்வாப் பகுதியில் விளைந்தது, சுங்கத் தீர்வை செலுத்தப்பட்டுப் பம்பாய் வழியாக ஏற்றுமதியாயிற்று. சசூன் கம்பனி உள்நாட்டு வணிகருக்கு முன்பணம் கொடுத்து மாள்வா அபினை முன்கூட்டியே தன்வயப்படுத்தியது. 1858 இல் சீனா அபின் இறக்குமதியைச் சட்டபூர்வமாக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டது. 1870களின் தொடக்கத்தில், அதுவரை முதலிடம் வகித்த ஜார்டின் மதிசன் கம்பனி இவ்வணிகத்திலிருந்து விலகியபோது, சசூன்கள் அதன் முதன்மை வணிகராயிருந்தனர்.

இவ்விடத்தில் ஒரு தவறான விளக்கத்தை மறுத்துரைப்பது அவசியமாகின்றது. இத்தகைய செல்வத்தை யூத இனத்தின் இயல்பான குணத்தால் விளக்கும் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவருகின்றது. அதன் கொடிய விளைவுகளை இருபதாம் நூற்றாண்டு கண்டது. வரலாறு இவ்விளக்கத்துக்கு இடந்தரவில்லை. அபின் வணிகத்தில் ஸ்கொத்லாந்துக் கிறித்தவர் இருந்தனர், பார்சிகள் இருந்தனர், மார்வாரிகளும் இருந்தனர். சசூன்களுக்கு முன்பே பம்பாயின் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் அதிற் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்தார். மறுபுறத்தில், அதே பாக்தாத் யூதருட் பெரும்பாலோர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் எழுதுவினைஞராகவும் சிறுவணிகராகவும் தருமப் பணத்தை நம்பிய ஏழைகளாகவும் வாழ்ந்தனர். இனம் ஒன்றாயிருக்க, வர்க்கம் வேறாயிருந்தது. எல்லாச் சமயத்து வணிகரையும் ஒரே பண்டத்திடம் இட்டுச் சென்றது, சீனத் தேயிலைக்கும் பட்டுக்கும் ஈடுகொடுக்கவும் இந்திய அரசின் வருவாயை நிரப்பவும் அபினை வேண்டிநின்ற ஏகாதிபத்தியப் பொருளாதாரமேயாகும்.

அச்செல்வத்தின் ஒருபகுதி பொதுப்பணிகளாயிற்று என்பதும் உண்மையே. பம்பாயின் டேவிட் சசூன் நூலகமும், பூனாவின் சசூன் மருத்துவமனையும் இன்றும் பயன்பட்டு வருகின்றன. 1875 இற் கட்டிமுடிக்கப்பட்ட சசூன் கப்பற்றுறை மீன்பிடித்துறையாக இயங்குகின்றது. எனினும், மருத்துவமனையின் கல்வெட்டிற் கொடையாளியின் பெயர் உண்டு. அக்கொடைக்கு ஆதாரமான பண்டத்தை விளைவித்த பீகார் உழவனதும், அதனைப் புகைத்து அழிந்த சீனக் கூலியாளதும் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

4. இலண்டன்: சிதறலின் தொடக்கம்

டேவிட் சசூன் 1864 இற் பூனாவிற் காலமானார். மூன்றாண்டுகள் செல்லுமுன் குடும்பம் வணிகத்தில் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவர் அப்துல்லா தந்தையின் கம்பனிக்குத் தலைவராக, எலியாஸ் 1867 இல் தமது பெயரில் வேறொரு கம்பனியைத் தொடங்கினார். முன்னர் ஒத்துழைத்த கிளைகள் இப்பொழுது அதே துறைமுகங்களில் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

அப்துல்லா, அல்பேட் ஆனார். 1872 இற் 'சேர்' பட்டமும் 1890 இற் பரம்பரைப் பட்டமும் பெற்றார். 1870களில் அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். தம்பியர் றூபனும் ஆதரும் வேல்ஸ் இளவரசரின், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகியவரின், நட்பு வட்டத்தில் இடம்பெற்றனர். அல்பேட்டின் மகன் எட்வேட் 1887 இல் ரொத்ஸ்சைல்ட் குடும்பப் பெண்ணை மணந்து, 1899 இற் பாராளுமன்ற உறுப்பினரானார். தந்திமுறை வந்தபின் விலைச்செய்திகளை அறியக் குடும்பக் கடிதங்கள் தேவைப்படவில்லை. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் இலண்டனிலிருந்தே கிழக்கு வணிகத்தை நடத்தக்கூடியதாயிற்று. வங்கிகள் கடனுதவியை நிறுவனமயப்படுத்தின. கிளைகளுக்கு மக்களை அனுப்பவேண்டிய அவசியம் குறைந்தது. அரபு மொழியைக் கற்கவேண்டிய அவசியமும் அதனுடன் குறைந்தது. வணிக மூலதனம் மாளிகையும் நிலமும் பங்குமாக மாறியபோது, சகோதரர் மக்களுக்கிடையே பொதுவாக எஞ்சியது பெயரொன்றே.

சசூன் டேவிட்டின் மக்கள் இருவரின் வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். அல்பிரட் யூதரல்லாத பெண்ணை மணந்தமையாற் குடும்பத்தினரால் விலக்கப்பட்டார். அவரது சகோதரி றேச்சல் கிறித்தவத்தைத் தழுவி 1887 இற் பிரெடரிக் பீர் என்பவரை மணந்தார். பின்னர், 1890களில் இலண்டனின் 'ஒப்சேவர்', 'சண்டே ரைம்ஸ்' ஆகிய இரு வாரப் பத்திரிகைகளுக்கும் ஆசிரியராயிருந்தார். பிரெஞ்சு இராணுவத்தின் யூத அதிகாரியான டிரேபஸ் பொய்ச்சான்றினால் தண்டிக்கப்பட்ட வழக்கில், உண்மைக் குற்றவாளியான எஸ்டர்ஹாசியின் ஒப்புதலை 1898 இல் வெளியிட்டது அவரது 'ஒப்சேவர்' பத்திரிகையே. சமயத்தால் யூத சமுதாயத்தை விட்டு நீங்கிய ஒரு பெண், யூதர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அம்பலப்படுத்துவதில் முன்னின்றமை கருத்தூன்றி நோக்கத்தக்கது.

அடுத்த தலைமுறையில் இப்பிளவு முதலாம் உலக யுத்தத்தில் வெளிப்பட்டது. டேவிட் சசூனின் கொள்ளுப்பேரர் இருவர் அதிற் பங்குகொண்டனர். எட்வேட்டின் மகன் பிலிப் (1888-1939) தலைமைத் தளபதி ஹேய்க்கின் அந்தரங்கச் செயலாளராகப் படைத்தலைமையகத்தில் இருந்தார். அல்பிரட்டின் மகன் சீக்பிரிட் (1886-1967) பதுங்குகுழிகளிற் போரிட்டு, வீரப்பதக்கம் பெற்று, 1917 இல் யுத்தம் வேண்டுமென்றே நீடிக்கப்படுகின்றது எனப் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வறிக்கை பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஆங்கிலக் கவிஞராகவே உலகம் அறிந்த அவர், 1957 இற் கத்தோலிக்கரானார். ஒரே பாட்டனாரின் பெயரைத் தாங்கிய இருவரும் ஒரே யுத்தத்தின் எதிரெதிர் முனைகளில் நின்றனர்.

இப்போக்குக்கு விலக்காக அமைந்தவர் பர்ஹா என்னும் புளோரா சசூன் (1859-1936). டேவிட்டின் கொள்ளுப்பேர்த்தியாகிய இவர் டேவிட்டின் மகன் சொலமனை மணந்தவர். 1894 இற் கணவர் இறந்தபின் பம்பாய்க் கம்பனியை இவரே நடத்தினார். பம்பாயிற் கொள்ளைநோய் பரவியபோது, ஹவ்கினின் தடுப்பூசியைத் தாமே ஏற்றுப் பிறருக்கு அச்சம் நீக்கினார். 1901 இல் இலண்டனிற் குடியேறிய பின்னரும் எபிரேயப் புலமையையும் பாக்தாத் மரபையும் கைவிடவில்லை. 1924 இல் இலண்டன் யூதக் கல்லூரியின் ஆண்டு விழாவிற்குத் தலைமைதாங்கிச் சமய நூற்பொருள் குறித்து உரையாற்றினார். ஆண்மக்கள் கைவிட்ட மரபை ஒரு பெண் காத்தார் என்பதும், கம்பனியை நடத்திய நாளில் அம்மரபு அவருக்குத் தொழிலின் மொழியாகவும் இருந்தது என்பதும் ஒருங்கே நோக்கத்தக்கன.

5. பம்பாயிலிருந்து ஷாங்காய்

எலியாஸ் 1880 இற் கொழும்பிற் காலமானார். அவரது வழியினர் அபினிலிருந்து படிப்படியாகப் பருத்தியாலைகளுக்குத் திரும்பினர். பம்பாயின் மிகப்பெரிய ஆலைகள் சில அவர்களுக்கு உரியனவாயின. எலியாஸின் பேரனான சேர் விக்ரர் சசூன் (1881-1961) காலத்தில், ஒரே தொழிலாளி முன்னரிலும் கூடுதலான தறிகளைக் கவனிக்கும் 'செயற்றிறன்' முறை அவ்வாலைகளிற் புகுத்தப்பட்டது. வேலையிழப்புக்கும் வேலைப்பளுவுக்கும் எதிராக எழுந்த போராட்டம் 1928 இல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் ஆறு மாதகாலம் பங்கேற்ற பொது வேலைநிறுத்தமாயிற்று. கிர்னி காம்கார் யூனியன் இப்போராட்டத்திலேயே வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய அரசு நியமித்த ஆணைக்குழுவில் விக்ரர் சசூனும் ஓர் உறுப்பினராயிருந்தார் என்பது அக்காலத்து ஆட்சியின் இயல்பை விளக்கப் போதுமானது.

தொழிலாளர் எழுச்சியும் தேசிய இயக்கமும் வலுத்துவந்த இந்தியாவிலிருந்து விக்ரர் தமது முதலின் பெரும்பகுதியை ஷாங்காய்க்கு மாற்றினார். 1929 இல் ஆற்றங்கரையில் அவரது கதே ஹோட்டல் திறக்கப்பட்டது. 1930களின் இறுதியில் நாசிக் கொடுமைக்குத் தப்பிய பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட யூதர் ஷாங்காயில் வந்திறங்கியபோது, அவருடைய கட்டடமொன்றின் கீழ்த்தளம் அகதிகளின் வரவேற்பிடமாயிற்று. நூறாண்டுக்கு முன் பாட்டனார் ஏறிய அதே நிலையில், பொருளும் நாடும் இழந்தவராக, வேறு யூதர் வந்திறங்கினர். 1949 இற் சீனப்புரட்சி வெற்றிபெற, ஷாங்காய்ச் சொத்துக்கள் கைவிட்டுப்போயின. விக்ரர் 1961 இற் பகாமாஸ் தீவுகளிற் பிள்ளையின்றி மரணமானார். பிலிப்பும் 1939 இற் பிள்ளையின்றியே இறந்தார். குடும்பம் பெற்ற இரு பரம்பரைப் பட்டங்களும் இவ்வாறு மறைந்தன.

6. எஞ்சியவை

பாக்தாத்திலேயே தங்கிவிட்ட யூதரின் கதியையும் இங்கு குறித்தல் வேண்டும். 1941 ஜூன் மாதக் கலவரத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1950-51 இல் ஏறத்தாழ 1,20,000 யூதர் குடியுரிமையையும் சொத்தையும் இழந்து ஈராக்கைவிட்டு இஸ்ரேல் சென்றனர். டேவிட் சசூன் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்றார். இவர்களோ தற்காலிகக் கூடாரங்களுக்குச் சென்றனர். இரண்டையும் 'புலப்பெயர்வு' என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றோம். அச்சொல் மறைக்கும் வர்க்க வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

புளோராவின் மகன் டேவிட் சொலமன் சசூன் (1880-1942) உலகெங்குமிருந்து எபிரேயக் கையெழுத்துச் சுவடிகளைச் சேகரித்தார். 1932 இல் அவற்றின் விளக்கப்பட்டியலை வெளியிட்டார். பாக்தாத் யூதர் வரலாற்றையும் அவரே எழுதினார். அவரது மறைவின் பின்னர் அச்சேகரிப்பு 1970கள் தொடக்கம் ஏலத்தில் விலைப்பட்டுப் பல நாடுகளுக்குச் சென்றது. 1929 இல் அவர் 350 பவுணுக்கு வாங்கிய, ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைமையுடைய வேதாகமச் சுவடி 2023 இல் மூன்று கோடியே எண்பத்தோரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டு, இன்று தெல் அவிவ் அருங்காட்சியகமொன்றில் உள்ளது.

இவற்றைவிட வரலாற்றாசிரியருக்குப் பெறுமதி மிக்கவை, ஜெருசலேம் தேசிய நூலகத்தில் உள்ள கம்பனிக் கடிதங்களாகும். ஆங்கிலம் பேசிய வழித்தோன்றல்கள் வாசிக்க முடியாது கிடந்த அவற்றை, ஷேக் சசூனின் வழிவந்தவரும் பாக்தாத்திற் பிறந்தவருமான ஜோசப் சசூன் வாசித்து, 2022 இல் நூலொன்று வெளியிட்டார். ஒரு குடும்பம் தன் கடிதங்களைத் தானே வாசிக்க இயலாத நிலையை அடையும் நாளையே அதன் சிதறலின் நாள் எனக் கொள்ளலாம். சசூன்களைப் பொறுத்தவரை அந்நாள் பாக்தாத்தைவிட்டுப் படகேறிய நாளன்று. இலண்டன் மாளிகைகளிற் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பிப்பது நிறுத்தப்பட்ட நாளேயாகும்.

இவ்வாய்விலிருந்து இரு முடிவுகளுக்கு வருகின்றோம். முதலாவது, புலம்பெயர்ந்தோரின் மொழியும் பண்பாடும் நிலைப்பது தூரத்தையோ பற்றையோ மாத்திரம் பொறுத்ததன்று. அவர்களின் அன்றாட வாழ்வில் அம்மொழிக்கு உள்ள பணியை அது பெரிதும் பொறுத்தது. பணி நீங்கிய மொழி, விழாவிலும் பெயரிலும் சிலகாலம் தங்கி மறையும். இரண்டாவது, வம்சாவளி என்பதே ஒரு சொத்து. சசூன்களின் ஏழு தலைமுறையை நாம் பெயர்சொல்லிக் குறிப்பிட முடிகின்றது. 1928 இல் தறியை விட்டு வெளியேறிய பம்பாய்த் தொழிலாளரதும், அபின் விளைவித்த உழவரதும் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் மூதாதையரின் பெயர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. கூலிப்பதிவேடுகளிலும், நீதிமன்ற ஏடுகளிலும், தொழிற்சங்க ஆவணங்களிலும் அவற்றைத் தேடி எடுப்பது கடினமான பணி. சசூன் குடும்பத்தின் வரலாறு முழுமையாக எழுதப்படுவதற்கும் அப்பணியே இன்றியமையாதது.